பருவுக்கு மருந்து இருக்கிறது

இந்த வருஷம் பொங்கல் விழாவன்று நம் சங்க அரங்கின் வாசலில் ஒரு சம்பவம் நடந்தது. சம்பவம் என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. உங்களில் பல பேர் கவனித்திருக்கவே மாட்டீர்கள். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, பாவாடை தாவணியில், கையில் சுருதிப்பெட்டியோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். எதிரே வந்த ஓர் அம்மாள், நல்ல மனுஷிதான், அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "என்னடி இது, மூஞ்சியெல்லாம் இப்படி முத்துமுத்தாய்? எப்படி இருந்த பெண்! சமோசாவாகத் தின்கிறாயா?" என்று கேட்டார். சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பெண் அன்று மேடையேறிப் பாடினாள். தலையைக் குனிந்துகொண்டே பாடினாள். அடுத்த நிகழ்ச்சியின் அழைப்பிதழில் அவள் பெயர் இருந்தது, ஆள் வரவில்லை. ஜுரம் என்றார் அவளுடைய அப்பா. ஜுரமெல்லாம் இல்லை என்று பிறகு என் மனைவி விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

நான் டாக்டர் இல்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். முகப்பருவைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றே ஒன்றுதான். நம் வீடுகளில் இது விஷயமாகச் செய்யக்கூடிய தவறுகள் அத்தனையையும் என் வீட்டில் நான் செய்து முடித்திருக்கிறேன்.

2015-ஆம் வருஷம் என் மகள் பதினோராம் வகுப்பில் இருந்தாள். அதற்கு முந்தின வருஷமே நெற்றியில் பொடிப்பொடியாக ஆரம்பித்து, கன்னத்துக்கும் தாடைக்கும் இறங்கியிருந்தது. ஊரிலிருந்து என் அம்மா போனில், "உடம்புச் சூடு, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லு" என்றாள். அத்தை கஸ்தூரி மஞ்சள் பொட்டலம் அனுப்பினாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் முல்தானி மட்டியைத் தயிரில் குழைத்துப் போடச் சொன்னார். பள்ளித் தோழி பற்பசையை வைக்கச் சொன்னாள். எலுமிச்சம்பழச் சாற்றைத் தேய்க்கச் சொன்னது யாரென்று ஞாபகமில்லை. அது தோலைப் பொத்துப்போக வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் என் பங்குக்கு, அழுக்குச் சேர்வதால்தான் பரு வருகிறது என்று முடிவு கட்டி, நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போட்டு முகம் கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

டாக்டரிடம் மட்டும் போகவில்லை. சி.ஜி.எச்.எஸ். கார்டு சட்டைப்பையில் இருந்தது. டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் போய் நிற்க அரை நாள் லீவு போட வேண்டும். இதற்குப் போய் லீவா என்று தோன்றியது. பருவெல்லாம் ஒரு வியாதியா?

ஒரு நாள் ஆபீஸிலிருந்து திரும்பும்போது வீட்டருகே இருந்த கெமிஸ்ட் கடையில் நின்று, எனக்குத் தெரிந்த இந்தியில் "முஹாஸே கி தவா" என்று கேட்டேன். கடைக்காரர் எந்த யோசனையும் இல்லாமல் ஒரு டியூபை எடுத்து வைத்தார். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. "ராத்திரி போட்டு விடுங்கள், சாஹப், ஒரே வாரத்தில் சுத்தம்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அங்கேதான் ஆபத்தே. நாலாம் நாள் சிவப்பு அடங்கிற்று. பத்தாம் நாள் முகம் பளபளவென்று இருந்தது. நிறமும் ஒரு மாற்றுக் கூடியதுபோல் தெரிந்தது. கோவிலில் பார்த்தவர்களெல்லாம் "என்ன போடுகிறாள்?" என்று கேட்டார்கள். என் மனைவி பெருமையோடு இரண்டு பேருக்கு டியூபின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். (பின்னால் அந்த இரண்டு வீடுகளுக்கும் நேரில் போய், தயவுசெய்து அதை நிறுத்துங்கள் என்று சொல்லும்படி ஆயிற்று. ஒருவர் கேட்டார். இன்னொருவர், தங்கள் பெண்ணும் அழகாய் இருப்பது எங்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.)

டியூப் தீரத் தீர நானே வாங்கி வந்தேன். ஏழு மாசம். பிறகு ஒரு மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனபோது எடுத்துப் போக மறந்துவிட்டோம். மூன்றாம் நாள் குழந்தையின் முகம் தீப்பிடித்த மாதிரி சிவந்தது. எரிகிறது, எரிகிறது என்று ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே வாரத்தில் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு பரு, ஒரே அளவில், கடுகு இறைத்தாற்போல். டில்லி திரும்பியதும் மறுபடி அதையே போட்டோம். அடங்கிற்று. நிறுத்தினோம். கிளம்பிற்று. அப்போதுதான் எனக்கு லீவு போடத் தோன்றியது.

அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் எங்களைப் பார்த்த டாக்டரம்மாள், மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "என்ன போட்டீர்கள், கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்றுதான் கேட்டார். டியூபை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பொடி எழுத்தை வாசித்தார். அதில் மூன்று மருந்துகள் இருந்தன: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன். முதலாவது நிறத்தை வெளுக்க வைப்பது. இரண்டாவது தோலை உரித்துப் புதுப்பிப்பது. மூன்றாவது ஸ்டீராய்டு. இப்படி மூன்றைக் கலக்கும் முறையை 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன் என்பவர் வெளியிட்டார். அவர் கலந்த ஸ்டீராய்டு வேறு. அது கன்னத்தில் வரும் மங்கு போன்ற கறைகளுக்காக. அதுவும் டாக்டர் பார்வையில், கொஞ்ச காலத்துக்கு மட்டும். பருவுக்கு அல்ல. பதினாறு வயதுக் குழந்தைக்கு ஏழு மாசம் பூசுவதற்கு நிச்சயமாக அல்ல.

ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்குகிறது. அதனால் பரு மறைந்தது போலிருக்கிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் முகம் வெளுத்தது போலிருக்கிறது. உள்ளே தோல் மெலிந்துகொண்டே வரும். நிறுத்தினால் சுருங்கிய குழாய்கள் விரிந்து சிவந்து எரியும். மேலுதட்டிலும் கன்னத்திலும் பூனைமயிர் வளரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டீராய்டே பருவை உண்டாக்கும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நம் நாட்டின் 12 தோல் மருத்துவ மையங்களுக்கு முகத்தில் கோளாறு என்று வந்த 2926 பேரைக் கேட்டுப் பார்த்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நாலில் ஒருவர் அதைப் பூசியது பருவுக்காக. அதனால் வந்த கெடுதல்களில் முதலிடம் எதற்கு என்றால், அதே பருவுக்கு.

இப்படிப் பாழான முகத்துக்கு மருத்துவத்தில் தனியே ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். தோல் மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கத்தார் பல வருஷம் கரடியாய்க் கத்தியபின், 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் நல்ல சட்டம். சென்ற வருஷம் ஒரு கடையில் வேண்டுமென்றே போய் "முஹாஸே கி தவா" என்று கேட்டுப் பார்த்தேன். சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. டியூப் வந்தது. பொடி எழுத்தில் குளோபெட்டசால் என்று இருந்தது. அது ஸ்டீராய்டு வகையில் மிகக் கடுமையானவற்றில் ஒன்று.

ஆகவே நம் தாய்மார்கள் ஒரு காரியம் செய்யலாம். முகத்துக்குப் பூசும் எந்த டியூபானாலும் உட்பொருளைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன், குளோபெட்டசால் என்று 'சோன்', 'சால்' ஓசையில் முடிகிற பெயர் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஏற்கெனவே மாசக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் இன்று படித்துவிட்டு நாளைக்கே தூக்கி எறியவும் வேண்டாம். எப்படி நிறுத்துவது என்பதையும் டாக்டரே சொல்லட்டும்.

சரி, பரு என்றால் என்ன? அந்த டாக்டரம்மாள் ஒரு சீட்டின் பின்புறம் படம் போட்டு எனக்கு விளக்கினார். ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், பெண்களுக்கும்தான், அந்தச் சுரப்பியை முடுக்குகிறது. எண்ணெய் கூடுகிறது. துவாரத்தின் வாயில் உதிர வேண்டிய செத்த தோல் உதிராமல் அடைத்துக்கொள்கிறது. அடைப்புக்குப் பின்னால், எல்லோர் தோலிலும் சும்மா வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு கிருமி பெருகுகிறது. உடம்பு அதோடு சண்டை போடுகிறது. சிவப்பு, வீக்கம், சீழ். கருப்பு முளை இருக்கிறதே, அது அழுக்கில்லை. அடைப்பு காற்றுப் பட்டுக் கருத்துப்போவது. அதைச் சோப்பால் தேய்த்துப் போக்க முடியாது. நாளைக்கு இரண்டு தடவை கழுவினால் போதும். என்னுடைய ஆறு தடவை உத்தரவு தோலைக் காயவைத்து எரிச்சலைக் கூட்டியதுதான் மிச்சம்.

12 வயதிலிருந்து 24 வயதுக்குள் 100 பேரில் ஏறக்குறைய 85 பேருக்கு இது ஓரளவாவது வருகிறது. குற்றம் செய்து வாங்கிக்கொள்வதில்லை. அப்பா அம்மாவுக்குக் கடுமையாக இருந்தால் பிள்ளைக்கும் அப்படி வரும் வாய்ப்பு அதிகம். எண்ணெய்ப் பண்டம்தான் காரணம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் தின்பண்டங்களும் பாலும் சிலருக்குக் கூட்டலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் வீட்டுப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தலைக்குத் தடவும் எண்ணெய் நெற்றிக்கு வழிந்தால் துவாரத்தை அடைக்கும். தலையில் பூசும் பசைகளால் நெற்றியில் வரும் பருவைப் பற்றி அமெரிக்க டாக்டர்கள் 1970-இலேயே எழுதியிருக்கிறார்கள். எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லவில்லை. என் அம்மா மேலுலகத்திலிருந்து சபிப்பாள். தேய்த்தால் அன்றே தலைக்குக் குளித்துவிட வேண்டும். தேங்காயெண்ணெயை முகத்துக்குப் பூசக் கூடாது. என் மகளின் நெற்றிப் பொடிப் பருவில் பாதி, சனிக்கிழமை எண்ணெயைப் பள்ளிக்கும் சுமந்து போனதால் வந்தது என்று நினைக்கிறேன்.

இனி மருந்துகள். லேசான பருவுக்கு வெளிப்பூச்சே போதும். முக்கியமானவை இரண்டு. ஒன்று பென்சாயில் பெராக்ஸைடு. கிருமியைக் கொல்வது. 2.5 சதவிகிதமே போதுமானது. 10 சதவிகிதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும், பலன் கூடாது. இது துணிச் சாயத்தை வெளுக்கும். எங்கள் வீட்டில் நல்ல துண்டு மூன்றும் ஒரு தலையணை உறையும் திட்டுத்திட்டாகப் போனபின்தான் வெள்ளைத் துண்டு வாங்கினோம். மற்றொன்று அடாபலீன், டிரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு வகை. அடைப்பையே உண்டாகாமல் செய்வது. ராத்திரியில், முகம் முழுவதற்குமாக ஒரு பட்டாணி அளவு. பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது போல் வைத்துப் பிரயோசனமில்லை. வரப்போகிற பருவைத் தடுப்பதற்குத்தான் இந்த மருந்து.

இங்கேதான் நம்மவர்கள் கைவிடுகிறார்கள். ரெட்டினாய்டு போட்டால் முதல் மூன்று நாலு வாரம் தோல் வறளும், உரியும். சிலருக்குப் பரு கூடினாற்போலவும் இருக்கும். டில்லியின் டிசம்பர் ஜனவரியில் கேட்கவே வேண்டாம். உதடும் கன்னமும் பாளம் பாளமாய் வெடிக்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆரம்பிப்பது, மேலே ஈரப்பசை தரும் கிரீமைப் பூசுவது என்று சமாளிக்க வழி உண்டு. பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நாலு நாளில் பளபளப்பைக் காட்டும் டியூபையும், முதல் மாசம் முகத்தை இன்னும் கெடுத்துக் காட்டும் டியூபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தத் தகப்பன் எதை எடுப்பான்? நான் எதை எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். கெட்ட மருந்து சீக்கிரம் வேலை செய்கிறது, நல்ல மருந்து தாமதமாக வேலை செய்கிறது. இதை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் என் மகளுக்கு இரண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாகப் பூசக் கூடாது, கிருமி பழகிப்போய்விடும். பென்சாயில் பெராக்ஸைடோடு சேர்த்தே கொடுப்பார்கள். பரு சற்றுக் கடுமையானால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. அதுவும் மூன்று நாலு மாசத்துக்கு மேல் நீடிக்க டாக்டர்கள் விரும்புவதில்லை. நிறைய தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது, வெயில் சீக்கிரம் சுடும். கருத்த தழும்பு தங்குகிறவர்களுக்கு அஸிலாயிக் ஆஸிட் நல்லது, கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கக்கூடியது. மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், தாடையிலும் முகவாயிலும் பருவும் மயிரும் சேர்ந்து வந்தால், அது பி.சி.ஓ.எஸ். என்னும் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். பூச்சு மருந்தோடு நிற்காமல் மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டும். அங்கே கர்ப்பத்தடை மாத்திரையையே பருவுக்கும் மருந்தாக எழுதுவார்கள். பெயரைக் கேட்டதும் பல தாய்மார்கள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அது ஹார்மோனைச் சீர்ப்படுத்தத் தருகிற மாத்திரை, அவ்வளவுதான்.

இனி ஐசோட்ரெட்டினாயின். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. தழும்பு விழவைக்கும் கட்டிப் பருக்களுக்கு இதைப்போல் வேலை செய்யும் மருந்து வேறில்லை. பருவின் காரணங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடிக்கிறது. உடல் எடைக்குத் தக்கபடி கணக்கிட்டு, ஐந்தாறு மாசத்துக்கோ இன்னும் கூடவோ கொடுப்பார்கள். சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், கொழுப்போடுதான் உடம்பில் சேரும். உதடு காய்ந்து வெடிப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. ரத்தக் கொழுப்பையும் ஈரலையும் பரிசோதித்துப் பார்ப்பார்கள். மனச்சோர்வு ஏதாவது தட்டினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளினோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. சங்கத்து ரத்ததான முகாமுக்கு வரும் இளைஞர்கள் இதையும் குறித்துக்கொள்ளட்டும்: இந்த மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாசம் வரையிலும், ரத்தம் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடலாம்.

கர்ப்பத்தில் இருக்கும் சிசுவை இந்த மருந்து கடுமையாக ஊனப்படுத்தும். மூளை, இருதயம், காது, முகம் எல்லாவற்றையும். ஆகவே மாத்திரை தொடங்குமுன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்து, சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாசம் வரையிலும் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2019-இல், என் மகள் கல்லூரியில் இருந்தபோது, தாடையில் கட்டிகள் கிளம்பின. அதே டாக்டரம்மாள் இந்த மாத்திரையை எழுத ஆரம்பித்தவர், பேனாவை வைத்துவிட்டு, கல்யாணம் ஆகிவிட்டதா, யாருடனாவது பழக்கம் உண்டா என்று மகளைக் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. "எங்கள் குடும்பத்தில் அப்படியெல்லாம் இல்லை" என்று அவள் வாயைத் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். டாக்டரம்மாள் நிதானமாக, "நீங்கள் ஐந்து நிமிஷம் வெளியே இருங்கள்" என்றார். வராந்தாவில் நின்றுகொண்டு என்னவெல்லாமோ நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன். அவள், "அவங்க கேட்காமல் மாத்திரையைக் கொடுத்திருந்தால் அல்லவா நீங்க கோபப்படணும்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பெண்ணுக்கு முகம் தெளிய வேண்டும் என்று மாத்திரை ஆரம்பிப்பதே வரன் பார்க்கும் நேரத்தில்தான். வரன் குதிர்ந்துவிட்டால் ஆடி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மூன்று வாரத்தில் முகூர்த்தம் வைக்கிறோம். மாத்திரை பையிலேயே இருக்கிறது. புகுந்த வீட்டில் சொல்வதில்லை, டாக்டரிடமும் தேதியைச் சொல்வதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள். மாத்திரையை ஒரு மாசம் முன்னதாக நிறுத்திவிட்டால் பின்னால் தரிக்கும் குழந்தைக்கு ஆபத்தில்லை. இதைச் சாப்பிட்டால் பிள்ளையே பிறக்காது என்று சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. பூசுகிற ரெட்டினாய்டையும் கர்ப்பத்தின்போது நிறுத்திவிடச் சொல்வார்கள்.

பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்குத்தான் பெரும்பாலும் கடுமையாக வருகிறது. அவர்களை யாரும் கேட்பதில்லை. முகத்திலும் முதுகிலும் குழிவிழுந்த பையன்களை நம் அரங்கிலேயே பார்க்கிறேன். ஜிம்முக்குப் போகிறவர்கள் புரோட்டீன் பொடியும், அதைவிட மோசமாக, தசை வளர்க்கும் ஊசியும் எடுத்துக்கொண்டால் பரு வெடித்துக் கிளம்பும். அந்த ஊசியும் ஒரு ஸ்டீராய்டுதான், வேறு ஜாதி. வலிப்புக்கும் காசநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளாலும் பரு போன்றது வரும். அதற்காக அந்த மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

சித்த மருத்துவத்தையும் ஹோமியோபதியையும் நம்புகிறவர்கள் நம்மில் நிறைய. அவர்களோடு சண்டைக்கு வரவில்லை. மஞ்சளும் சந்தனமும் பூசினால் பெரிய கெடுதல் இல்லை. உட்பொருள் அச்சிடாத டப்பா எந்த மருத்துவத்தின் பெயரில் வந்தாலும் வாங்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். அழகு நிலையத்தில் பருவைக் கிள்ளி எடுப்பதும் வேண்டாம். பரு போனபின் நிற்கும் கருப்புப் புள்ளிக்கும் குழிக்கும் வித்தியாசம் உண்டு. நம் மாதிரிக் கருத்த தோலில் புள்ளி மாசக்கணக்கில் நிற்கும். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மங்கிவிடும். குழி தானாக மூடாது. ஊசிமுனைச் சிகிச்சை, லேசர் என்று இருக்கின்றன. குறையும், முழுக்கப் போகாது, செலவும் அதிகம். "பருவ வயதில் வரும், தானே போகும்" என்று பெரியவர்கள் சொல்வது பாதி உண்மை. பரு போகும். குழி இருக்கும்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நான் மேலே சொன்ன மருந்துகளில் பெரும்பாலானவை பழைய மருந்துகள், விலை மலிவான பெயர்களிலும் கிடைக்கின்றன. டில்லியில் எய்ம்ஸ், சப்தர்ஜங், ராம் மனோகர் லோஹியா ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு உண்டு. காத்திருக்க வேண்டும், வாஸ்தவம். தனியாரிடம் போனால், தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமா பட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; கதவில் 'ஸ்கின் கிளினிக்' என்று எழுதியிருப்பது பட்டமாகாது.

சங்கத்துச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். வருஷாவருஷம் நாம் நடத்தும் இலவச மருத்துவ முகாமில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் மூன்றும்தான் பார்க்கிறோம். எல்லாம் நம் வயதுக்காரர்களுக்கு. ஒரு மேஜையைத் தோல் மருத்துவர் ஒருவருக்கு ஒதுக்குங்கள். தமிழ் தெரிந்தவராகக் கிடைத்தால் இன்னும் நல்லது. நம் அம்மாக்களில் பலருக்கு மாதவிலக்கைப் பற்றி இந்தியில் பேச வாய் வருவதில்லை. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் டியூபையெல்லாம் எடுத்துக்கொண்டு வரட்டும், அதைப் படித்துச் சொல்லவே ஒரு மணி நேரம் போதாது.

என் மகள் இப்போது புனேயில் வேலையாயிருக்கிறாள். கன்னத்தில் நாலைந்து குழி நின்றுவிட்டது. நான் எழுதப்போகிறேன் என்று போனில் சொன்னதும், "அந்த டியூபை நீங்கதான் வாங்கினீங்கன்னு எழுதுவீங்களா, அப்பா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன்.

பொங்கலன்று பாடிய பெண்ணின் அப்பாவைச் சென்ற வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நானும் சிரித்தவர்களில் ஒருவன் என்பதை முதலில் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு டியூபை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கண்ணாடி போட்டுப் படித்தேன். பீட்டாமெத்தசோன். மூன்று மாசமாகப் போடுகிறாளாம். செவ்வாய்க்கிழமை காலை ஓ.பி.டி.க்குப் போகிறார்கள். அவருக்கு இந்தி சரளமாக வராது; என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார். எட்டு மணிக்கே போனால்தான் சீட்டு கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.